படிக்காமல் போட்ட கும்பிடு

எங்கள் தெருவுக்கென்று போனில் ஒரு குரூப் இருக்கிறது. அதில் யார் எதைப் போட்டாலும் கீழே ஒரு கும்பிடு போடுவது எங்கள் வழக்கம். நாளை தண்ணீர் வராது என்றால் கும்பிடு. கரண்ட் போகும் என்றால் கும்பிடு. இறந்தவர் படத்துக்கும் கும்பிடு, பேரப்பிள்ளையின் பிறந்தநாள் கேக்குக்கும் அதே கும்பிடு. இரண்டு கைகளைக் கூப்பிய அந்தச் சின்னப் படத்துக்கு வணக்கம் என்று பொருளா, நன்றி என்று பொருளா, சம்மதம் என்று பொருளா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. 'பார்த்துவிட்டேன், என்னை விட்டுவிடுங்கள்' என்பதுதான் அதன் உண்மையான பொருள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருப்பவள். வேலை ராஜபாளையத்தில், ஒரு நூல் மில்லில் ஸ்டோர்ஸ் கிளார்க். பெல்ட் அறுந்தாலும் பேரிங் தேய்ந்தாலும் சீட்டோடு என்னிடம்தான் வரவேண்டும். இருபத்தாறு வருடமாகக் காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறேன். அந்த பஸ்ஸில் எனக்கு ஒரு பெயர் உண்டு. வாயைத் திறந்தால் அரசியல் பேசுகிறவள் என்று. எந்தக் கட்சி என்று கேட்டால் நியாயத்தின் கட்சி என்பேன். எழுதும்போதே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மனிதரில் மேல் கீழ் கிடையாது, யாரையும் 'நீங்க என்ன ஆளுக' என்று சாதி கேட்கக் கூடாது, எவர் எந்தச் சாமியைக் கும்பிட்டால் நமக்கென்ன என்றெல்லாம் பக்கத்து சீட்டுக்காரியின் காது புளிக்கும்வரை பேசுவேன். ஒரு மகளிர் தினத்தன்று மில் கேன்டீனில் மைக்கைப் பிடித்து, பக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு அநியாயம் நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பவள் மனுஷியே இல்லை என்று முழங்கினேன். நல்ல கைதட்டல். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆடி பிறக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பஸ்ஸில் நின்றுகொண்டே போனைப் பார்த்தேன். தெரு குரூப்பில் நீளமாக ஒரு செய்தி. 'அன்புடையீர் வணக்கம். நமது தெரு விநாயகர் கோயிலில் வரும் ஆடி மாதம் நடைபெற இருக்கும் சிறப்புப் பூஜை தொடர்பாக' என்பதுவரைதான் தெரிந்தது. மிச்சத்தைப் படிக்க வேண்டுமென்றால் தொட்டுத் திறக்க வேண்டும். ஒரு கையில் கம்பி, தோளில் சாப்பாட்டுப் பை. எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். நானும் ஒன்றைப் போட்டுவிட்டு போனைப் பைக்குள் தள்ளினேன்.

பத்தரை மணி டீக்கு உட்கார்ந்தபோதுதான் திறந்து படித்தேன். பூஜை பற்றி முதல் மூன்று வரிதான் இருந்தது. அதற்குக் கீழே கோயிலை ஒட்டிய அறையைப் பற்றி எழுதியிருந்தது. கோயில் கமிட்டிக்குச் சொந்தமான அந்த அறை பல வருடமாக 'வேற்று மதத்தாரிடம்' இருக்கிறது, இனிமேல் அது நம் ஆட்களுக்கே தரப்பட வேண்டும், ஆடி முடிந்ததும் காலி செய்யச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்வோம், சம்மதிப்பவர்கள் இங்கேயே தெரிவிக்கவும். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகள். ஒன்பதாவது என்னுடையது.

அந்த அறையில் இருப்பவள் என் தோழி. ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை ஒரே பெஞ்சு. பதினான்கு வருடமாக அங்கே தையல் கடை வைத்திருக்கிறாள். எங்கள் தெருவில் அவள் அளவெடுக்காத பெண்பிள்ளை கிடையாது. அவள் முஸ்லிம். வீடு எங்கள் தெருவில் இல்லை; இரண்டு தெரு தள்ளியிருந்து வந்துபோவாள். கணவர் உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருப்பவர். அந்தத் தையல் மிஷின் ஓடினால்தான் அடுப்பு எரியும். செய்தியைப் போட்ட கமிட்டி ஆள் தன் மச்சானுக்கு ரீசார்ஜ் கடை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தது தெருவுக்கே தெரியும். மதத்தைக் கொண்டுவந்து வைத்தால் இடம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார், வேறொன்றுமில்லை.

உடனே அழித்துவிடலாம் என்று அந்தக் கும்பிடின் மேல் விரலை அழுத்தினேன். 'எல்லாருக்கும் நீக்கு' என்று வந்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது. அழித்தால் வெறுமனே மறைந்து போகாது, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று என் பெயருக்குக் கீழே ஒரு வரி நிற்கும். ஒன்பதாவது இடத்தில், எல்லாக் கும்பிடுகளுக்கும் நடுவில், அது மட்டும் தனியாகத் தெரியும். ஏன் எடுத்தாள் என்று கேட்பார்கள். அவளுக்கு வேண்டியவள் என்பார்கள். டீ ஆறிப்போய் ஏடு படிந்தது. நான் போனை அணைத்துவிட்டு, யாரோ நீட்டிய சீட்டை வாங்கி, தப்பான அளவு பேரிங்கை எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னேன். அவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். தெருவில் பாதி வீட்டு கேட்டும் ஜன்னல் கம்பியும் அவர் கைவேலை.

"நான் படிக்காம போட்டுட்டேன். அழிச்சிரட்டா?"

"நல்லதாப் போச்சுன்னு விடு."

"அது தப்பில்லையா?"

"தப்புதான். யாரு இல்லைன்னா? அதுக்கு நீ என்ன செய்யப்போற? கான்சாபுரத்துலருந்து பொண்ணு பாக்க வாராக. வாரதுக்கு முந்தி தெருவுல நாலு வீட்டுல விசாரிப்பாக. அந்த நேரத்துல போயி இவுகளப் பகைச்சுக்கிட்டு நிக்கப்போறியா?"

விசாரிப்பு என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் முதலில் உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தெருமுக்குக் கடையில் ஒரு கலர் சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே, அந்த வீட்டு ஆளுக எப்படி என்று சாதாரணமாகக் கேட்பார்கள். கடைக்காரர் ஒரு நொடி யோசித்துவிட்டு 'அவியளா... பரவாயில்லை' என்று இழுத்தால் போதும். கலர் பாட்டிலை வைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று கடைசிவரை நமக்குத் தெரியாது. என் மகளுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் அப்படித் தட்டிப்போயிருந்தது. அந்த ஒரு நொடி யோசனைக்குத்தான் நான் பயந்தேன்.

அழிப்பதற்கு ஒரு கெடு இருக்கிறது. இரண்டு நாள் சொச்சம் தாண்டிவிட்டால் அப்புறம் அழிக்க முடியாது என்று மகள்தான் பேச்சுவாக்கில் சொன்னாள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறேன். நான் காத்திருந்தேன். புதன்கிழமை முழுவதும் மில்லில் அரை மணிக்கொரு தரம் போனை எடுத்துப் பார்ப்பேன், அந்தக் கும்பிடைத் தொடுவேன், நீக்கு என்று வருகிறதா என்று பார்ப்பேன், வைத்துவிடுவேன். வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் தொட்டபோது அந்த வழி இல்லை. மூடிவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும், அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. இனி நான் நினைத்தாலும் முடியாது, என் கையில் ஒன்றுமில்லை என்று ஒரு பெருமூச்சு. அந்த நிம்மதிதான் என்னை முதன்முதலில் பயமுறுத்தியது. தெருவைக் கண்டு பயந்தது போக, என்னைக் கண்டே பயந்தேன்.

அவள் கடையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, என்ன பாக்காத மாதிரி போற? உள்ள வந்து செத்த நேரம் இருந்துட்டுப் போ."

"தலைவலிட்டி, பொறவு வாரேன்."

மறுநாளிலிருந்து பின்பக்கத்துச் சந்து வழியாகப் போனேன். சாக்கடை ஓரமாகச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஐம்பது வயதில், சொந்தத் தெருவில் திருடி மாதிரி. அந்தச் சந்திலும் அவளுடைய மிஷின் சத்தம் கேட்கும். ஓடிக்கொண்டிருந்தால் அவள் குனிந்திருக்கிறாள் என்று நடப்பேன். நின்றுவிட்டால் நானும் நின்றுவிடுவேன்.

வெள்ளிக்கிழமை காலை சந்து முடியும் இடத்தில் கோயில் கமிட்டித் தலைவர் எதிரில் வந்தார். கெட்டவர் இல்லை. யார் வீட்டுச் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து பந்தல்காரனுக்கு போன் போடுகிறவர். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தங்கச்சி, இந்த விசயத்துல எனக்கே மனசு ரெண்டாத்தான் இருந்துச்சு. பதினாலு வருசம் இருந்த பிள்ளையப் போகச் சொல்லணுமேன்னு. நீங்க கும்பிடு போட்டதப் பாத்த பொறவுதான் தெம்பு வந்துச்சு. நியாயம் பேசுத நீங்களே ஒத்துக்கிட்டீகன்னா, அதுல தப்பு இருக்காதுல்லா?"

நான் சிரித்தேன். 'இல்லை அண்ணாச்சி, அது வேற' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்; அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை, நாங்கள் இருவர்தான். தயங்கிக்கொண்டிருந்த மனிதர், ஒரு தள்ளு தள்ளினால் இந்தப் பக்கம் வந்திருப்பார். பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு ஓடினேன். என்னுடைய பெயரைத்தான் அவர்கள் சாட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று பஸ்ஸில் ஏறிய பிறகு உறைத்தது. இருபத்தாறு வருடம் பேசிப் பேசிச் சம்பாதித்த பெயர். அன்று பஸ்ஸில் நான் யாரோடும் பேசவில்லை. உடம்புக்கு என்ன என்று மூன்று பேர் கேட்டார்கள்.

சனிக்கிழமை லீவு. துணி துவைத்தபடி, நான் நம்புகிறவை என்று சொல்லிக்கொண்டதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கழிவறைக்குப் போகக்கூட சூப்பர்வைசரிடம் நின்று கேட்க வேண்டியிருந்ததை எதிர்த்து மில் வாசலில் நின்றேனே, அது துணிச்சல் இல்லையா? நாற்பது பெண்கள் நின்றோம், நான் நடுவரிசையில் நின்றேன். என் இடதிலும் வலதிலும் முன்னாலும் பின்னாலும் ஆள் இருந்தது. பஸ்ஸில் பேசினேனே? பஸ்ஸில் யாரும் என் மகளுக்கு மாப்பிள்ளை கொண்டுவரப் போவதில்லை.

'என்ன ஆளுக' என்று கேட்டதில்லை என்று பெருமைப்பட்டேனே, அதையும் எடுத்துப் பார்த்தேன். பல வருடத்துக்கு முன்னால் எங்கள் மாடி அறைக்குக் குடிவர ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், நல்ல மாதிரி. நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. 'சொந்த ஊர் எது' என்று கேட்டேன். வன்னியம்பட்டிப் பக்கம் என்றார்கள். 'அங்க எந்தத் தெரு' என்று கேட்டேன். அந்தப் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தெருவைச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் தெருவைச் சொன்னால் எல்லாம் சொன்ன மாதிரிதான். 'என் தங்கச்சி குடும்பம் வாரதா இருக்கு, தெரிஞ்சதும் சொல்லுதேன்' என்றேன். எனக்குத் தங்கச்சியே கிடையாது. அப்படி ஒன்று நடந்ததையே நான் மறந்துபோயிருந்தேன். நான் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்காதவள் என்ற நினைப்பு மட்டும் பத்திரமாக இருந்தது. சோப்பு நுரையில் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அந்தப் பெண் அன்று படியிறங்கிப் போனபோது என்னை என்ன நினைத்திருப்பாள்?

அன்றே முடிவு செய்தேன், கூட்டத்தில் பேசிவிடுவது என்று. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அண்ணாச்சி, அவ பதினாலு வருசமா இருக்கா, ஒரு நாள் வாடகை தாமதிச்சதில்ல, கோயில் திருவிழாவுக்குக் கடையச் சாத்தி எடம் விடுதா, அவளப் போகச் சொல்லுறது நியாயம் இல்ல. நாலே வரி. குழாயடியில் சரளமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கோயிலின் பக்கத்து ஹாலில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் சுவரோரம். நான் போய் உட்கார்ந்து நாலு வரியையும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். தலைவர் நோட்டைப் பார்த்து, போனில் முப்பத்தோரு கும்பிடு வந்திருப்பதாகவும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். மாற்றுக் கருத்து உண்டா என்றார்.

எழுந்தேன். எல்லாத் தலையும் திரும்பியது. அத்தனை முகமும் தெரிந்த முகம், நாளைக்கு விசாரிப்புக்கு வருகிறவர்கள் கேட்கப்போகிற முகம்.

"அண்ணாச்சி, நான் அந்தக் கும்பிட... படிக்காம போட்டேன். பஸ்ல நிக்கையில. அது சம்மதம்னு போடல."

ஹால் முழுக்கச் சிரிப்பு. "யம்மா, நாங்க மட்டும் படிச்சா போட்டோம்!" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னதும் இன்னும் பெரிய சிரிப்பு. தலைவரும் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

"சரி, ஒண்ணக் கொறச்சுக்கிருவோம். முப்பது. வேற ஏதும் சொல்லணுமா தங்கச்சி?"

நல்ல மனதோடுதான் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் செய்தார். நாலு வரியும் ஞாபகம் இருந்தது. கணவரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் இருந்த பெண்களில் பாதிப்பேர் போட்டிருந்தது அவள் தைத்த ஜாக்கெட், அவர்களும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர்களில் யாராவது தலை நிமிர்ந்திருக்கலாம். நிமிராமலும் போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் தைரியம் எனக்கு இல்லை.

"இல்ல அண்ணாச்சி" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நிமிடத்தில் அறை விஷயம் முடிந்தது. அன்னதானத்துக்குப் புளியோதரையா சர்க்கரைப் பொங்கலா என்பதற்கு அரை மணி நேரம் ஆனது.

வெளியே வந்ததும் எனக்கு லேசாகக்கூட இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். சொல்லிவிட்டேன் அல்லவா, நான் சம்மதிக்கவில்லை என்று நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னேன் அல்லவா. அந்தச் சூட்டோடு, ஆறு நாளுக்குப் பிறகு, அவள் கடைப் படியேறினேன். ஆடிப் பூரத் தேரோட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய துணிகள் குவிந்திருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருந்தது. அவள் ஒரு சிறு பிள்ளையின் பாவாடைக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏட்டி, அந்தக் கும்பிடு நான் படிக்காம போட்டது. இப்ப எல்லாரு முன்னாலயும் எந்திருச்சு சொல்லிட்டு வாரேன்."

"கேட்டுச்சு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அங்கயும் இங்கயும் ஒரே சுவருதான. அங்க இருமுனாக்கூட இங்க கேக்கும்." மடிப்பை நேராக்கி இன்னொரு தையல் ஓட்டினாள். "அவரு வேற ஏதும் சொல்லணுமான்னு கேட்டதும் கேட்டுச்சு. மிஷின நிப்பாட்டித்தான் வச்சிருந்தேன்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். என் 'இல்ல அண்ணாச்சி' அந்தச் சுவரைத் தாண்டி வந்து இந்தச் சின்ன அறைக்குள் எப்படி ஒலித்திருக்கும்?

அவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. ஏதோ அளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல நிதானமாகக் கேட்டாள்.

"சரி, படிச்சிருந்தா என்ன போட்டிருப்ப?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அந்த வாரம் முழுவதும் நான் பேசாமல் சொன்ன பொய்களையெல்லாம் விட அது சின்னப் பொய்தான். அவளும் ஏற்றுக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

"படிச்சேன். அன்னைக்கு டீ குடிக்கையிலயே படிச்சிட்டேன். அழிக்க ரெண்டு நாள் நேரம் இருந்துச்சு. பயந்துக்கிட்டு விட்டுட்டேன்."

வெளியே யாரோ அவளைக் கேட்டு ஒரு குரல் கொடுத்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் பாவாடையை மிஷினிலிருந்து எடுத்து, தொங்கிய நூலைப் பல்லால் கடித்து, மடித்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு எனக்கு நாற்காலியை நகர்த்திப் போடுவதற்காக எழுந்தாள். நாற்பது வருடத்தில் நான் அந்தக் கடைக்கோ அவள் வீட்டுக்கோ போய் நாற்காலி கேட்டதில்லை, துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிடுவேன்.

"உக்காருங்க" என்றாள். "தண்ணி ஏதும் குடிக்கிறீங்களா?"